சட்டத்துல கீது

சட்டக் கல்லூரியில் படித்த அத்தனை வருடமும் என்னை யாரும் வக்கீலாக நடிக்கக்கூடக் கூப்பிட்டதில்லை. சாட்சியாகத்தான் கூப்பிட்டார்கள். ஒரு வருடம் குடிகாரனின் மனைவி, ஒரு வருடம் நகை காணாமல் போன வீட்டின் வேலைக்காரி. இப்போது உயர் நீதிமன்ற நீதிபதி என்று பொன்னாடை போர்த்தி மேடையில் உட்கார வைக்கிறார்கள். மாணவர்கள் எழுந்து, "உங்கள் வெற்றிக்கு யார் காரணம்?" என்று கேட்கிறார்கள். பெற்றோர், ஆசிரியர்கள் என்று ஒப்புக்கு ஏதோ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு "வயிற்றெரிச்சல்தான் காரணம்" என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்? இங்கே சொல்லிவிடலாம்.

எங்கள் வீடு ஊரூர் ஒல்காட் குப்பத்தில் இருந்தது. அப்பா கடலுக்குப் போனார். அம்மா அன்னக்கூடையில் மீனை வைத்துக்கொண்டு பெசன்ட் நகர் தெருக்களில் விற்றாள். நாங்கள் பேசிய தமிழுக்குச் சினிமாக்காரர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள், படித்தவர்கள் இன்னொரு பெயர் வைத்திருந்தார்கள். நாங்கள் பெயரெல்லாம் வைக்கவில்லை, பேசிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் ஒவ்வொருவரும் எழுந்து தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றார்கள். என் முறை வந்தபோது, "எங்க வூடு பீச்சாண்ட கீது" என்றேன். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து நான் உள்ளே நுழைந்தால் பின் பெஞ்சில் யாராவது "கீது வந்துச்சு" என்பார்கள். முதலில் சுருக்கென்று இருந்தது. பிறகு எரிச்சலாக வந்தது. எரிச்சல் வந்தபின் எனக்குப் பயம் போய்விடும், அது என் சுபாவம்.

எழுத்துத் தமிழ் எனக்கு வராமல் இல்லை. பரீட்சைத் தாளில் எழுதி நல்ல மார்க் வாங்கினேன். ஆங்கிலச் சட்டப் புத்தகங்களையும் அகராதி வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துப் படித்தேன். வாயைத் திறந்தால் மட்டும் வீட்டுத் தமிழ் வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன். என் வகுப்பில் மயிலாப்பூர் மாட வீதிக்காரன் ஒருவன் இருந்தான். கெட்டிக்காரன், பேச்சுப் போட்டி என்றால் கோப்பை அவனுக்குத்தான். அவன் "ஆத்துல சொல்லிண்டு வந்துடறேன்" என்பான். அதற்கு ஒருத்தரும் சிரித்ததில்லை. ஆத்துல என்பது வீட்டுப் பேச்சு, கீது என்பது மட்டும் கொச்சை. இந்தக் கணக்கு எனக்கு அப்போதும் பிடிபடவில்லை, இப்போதும் பிடிபடவில்லை.

வருடா வருடம் நடக்கும் மாதிரி நீதிமன்றம்தான் எங்கள் கல்லூரியில் பெரிய விஷயம். மாணவர்களே வக்கீல்களாகவும் சாட்சிகளாகவும் நின்று ஒரு கற்பனை வழக்கை நடத்துவார்கள். மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலை அதற்காக எடுப்பார்கள். நீதிபதி நாற்காலியில் நிஜமான மூத்த வழக்கறிஞர் ஒருவர் உட்காருவார். கபாலி கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் அவருக்குப் பெரிய ஆபீஸ். அன்றைக்கு வாதாடிய கடைசி வருட மாணவர்களில் ஒருவரைத் தன் ஆபீசுக்கு ஜூனியராக எடுத்துக்கொள்வார்.

மாமாவோ சித்தப்பாவோ வக்கீலாக இருப்பவர்களுக்கு இது ஒரு பெருமை, அவ்வளவுதான். எனக்கு அது ஒன்றுதான் கதவு. குப்பத்தில் எங்களுக்குத் தெரிந்த வக்கீல் யாரும் கிடையாது. பட்டம் வாங்கி, கறுப்பு கோட்டும் தைத்துக்கொண்டு, யார் ஆபீசில் போய் நிற்பது? எனக்கு அது கடைசி வருடம், நான் வாதாடியே ஆக வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

மாதிரி நீதிமன்றத்தைப் பொறுப்பெடுத்து நடத்திய விரிவுரையாளர் கெட்டவர் இல்லை. நான் போய்க் கேட்டபோது உட்கார வைத்துத்தான் பேசினார்.

"நீ நல்லா படிக்கிறம்மா, நான் இல்லன்னு சொல்லல. ஆனா பேச்ச திருத்திக்கணும். கோர்ட்ல போய் கீது கோதுன்னு நின்னா ஜட்ஜே சிரிப்பார். இந்தத் தடவை உனக்கு அருமையான ரோல் வெச்சிருக்கேன். ரெண்டாம் சாட்சி. மீன் விக்கிற பொம்பளை. உன்ன மாதிரி வேற யாராலயும் இயல்பா பண்ண முடியாது."

"நான் வக்கீலா நிக்கணும் சார்."

"அதான் முடிவாயிடுச்சேம்மா. ஒரு கூடை மட்டும் கொண்டு வந்துடு. எஃபெக்டா இருக்கும்."

எஃபெக்ட். அந்தக் கூடையைச் சுமந்து சுமந்து என் அம்மாவின் உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடி முளைக்காமல் போயிருந்தது. எழுந்து வெளியே வந்துவிட்டேன். வெகுதூரம் நடந்தபின்தான் வீட்டுக்கு எதிர்த்திசையில் போகிறேன் என்றே உறைத்தது. விலகிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். விலகினால் யாருக்கு நஷ்டம்? சந்தோஷமாக வேறு ஒருத்தியைக் கொண்டையைக் கோணலாகப் போட்டு நிறுத்துவார்கள். அவள் என் அம்மாவைப் போலப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கண்டபடி கத்துவாள். அதைவிட நானே நிற்பது மேல் என்று திரும்பி நடந்தேன்.

மறுநாள் எனக்கு வசனம் எழுதிக் கொடுத்தார்கள். "இன்னா நைனா, ஒரே பேஜாரா கீதுபா" என்று ஆரம்பித்தது. இரண்டு வரிக்கு ஒரு நைனா, மூன்று வரிக்கு ஒரு கஸ்மாலம். என் அம்மா கோர்ட்டில் நின்றால் ஜட்ஜைப் பார்த்து நைனா என்பாளா? தாளை மடித்து விரிவுரையாளர் மேசைமேல் வைத்தேன். "வசனம் வேணாம் சார். நடந்தது இன்னான்னு மட்டும் சொல்லுங்க. எப்டி சொல்றதுன்னு எனக்குத் தெரியும்" என்றேன். அவர் ஒருமாதிரி பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

வழக்கு இதுதான். கடற்கரையில் விடிகாலையில் ஒரு வலைக்கொட்டகை எரிந்துபோகிறது. கொட்டகைக்காரருக்கும் இன்னொருவருக்கும் பழைய பகை. அந்த இன்னொருவர்மேல் வழக்கு. மீன் எடுக்கப் போன பெண்தான் தீயை முதலில் பார்த்தவள். அவள் பார்த்துக் கத்திய பிறகு, பகையாளி ஓடி வந்தார். அவர் தீ வைத்துவிட்டு அங்கேயே இருந்தவரா, சத்தம் கேட்டு வந்தவரா என்பதுதான் கேள்வி.

மாதிரி நீதிமன்றம் சனிக்கிழமை சாயங்காலம். அன்று மத்தியானம் அம்மா வியாபாரம் முடித்து வந்ததும் கூடையைக் கேட்டேன்.

"இரு, கயுவி தரேன்" என்றாள்.

"கயுவாத. அப்டியே குடு."

"இன்னாடி இது, காலேஜுக்கு இத்த எடுத்துக்கினு போற?"

"கேட்டாங்க, குடுக்கறேன்."

பஸ் கண்டக்டர் மீன் கூடையை ஏற்ற மாட்டேன் என்றார். காலிக் கூடை, கோர்ட்டுக்குச் சாட்சிக்காக எடுத்துப் போகிறேன் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விசில் ஊதினார். ஹாலில் நான் நுழைந்தபோது முன்வரிசையில் கைக்குட்டைகள் மூக்குக்குப் போயின. விரிவுரையாளர் பூக்கூடை மாதிரி ஒன்றை எதிர்பார்த்திருப்பார் போல. ஓரத்தில் செதில் ஒட்டியிருந்த அன்னக்கூடையைப் பார்த்து, "இவ்ளோ ஒரிஜினலா வேண்டியதில்லையேம்மா" என்றார். நான் அதைச் சாட்சிக் கூண்டின் காலடியில் வைத்துவிட்டு ஏறி நின்றேன்.

அரசுத் தரப்பு வக்கீல் அந்த மாட வீதிக்காரன்தான். சும்மா சொல்லக்கூடாது, கோட்டு அவனுக்கு நன்றாகப் பொருந்தியிருந்தது. மரியாதையாகத்தான் கேட்டான்.

"அங்கே என்ன பார்த்தீர்கள்?"

"கொட்டா எரிஞ்சிக்கினு இருந்துச்சிங்க. கூடைய போட்டுட்டு கத்துனேன்."

"எதிரியைப் பார்த்தீர்களா?"

குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட் தமிழில் எதிரி என்பார்கள். நான் சொன்னேன்: "பாத்தேன். அவுரு அப்பால வந்தாரு."

கோர்ட்டில் சாட்சி சொல்வது அப்படியே தாளில் ஏறாது. சாட்சி தன் பேச்சில் சொல்வார், நீதிபதி அதைக் கேட்டுத் திருத்தமான தமிழாக்கிச் சொல்வார், பக்கத்தில் இருப்பவர் அதை எழுதுவார். இங்கேயும் அப்படித்தான். மூத்த வழக்கறிஞர் கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் எழுத உட்கார்ந்திருந்த மாணவனுக்குச் சொன்னார்: "கொட்டகை எரிந்துகொண்டிருந்தது. கூடையைப் போட்டுவிட்டுக் கூச்சலிட்டேன். எதிரி அப்பாலிருந்து வந்தார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பேச்சில் அப்பால என்றால் பிறகு. சாப்டு அப்பால வரேன், நீ போ நான் அப்பால சொல்றேன். நாள் முழுக்க எங்கள் வாயில் புழங்கும் சொல். புத்தகத் தமிழில் அப்பால் என்றால் அந்தப் பக்கம். அவருக்கு எங்கள் சொல் தெரியாமல் இருந்திருக்காது. அவர் வீட்டு வாசலில் காய் விற்பவளும் அப்படித்தானே பேசியிருப்பாள். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் மனிதர்களுக்குக் காது மாறிவிடுகிறது.

மாட வீதிக்காரன் ஒரு விநாடி நின்றான். உண்மை என்னவென்று அவனுக்கும் தெரியும், வழக்கின் விவரம் எங்கள் எல்லோரிடமும் இருந்தது. ஆனால் தாளில் ஏறியதுதான் கோர்ட்டில் உண்மை, அதுவும் அவனுக்குத் தெரியும். அடுத்த கேள்வியை மெதுவாகக் கேட்டான்.

"கொட்டகைக்கு அந்தப் பக்கம் வழி இருக்கிறதா?"

"கீது."

"தீ அந்தப் பக்கத்திலிருந்துதான் பரவியது என்று முதல் சாட்சி சொல்லியிருக்கிறார், கனம் கோர்ட்டார் அவர்களே. எதிரி வந்ததும் அந்தப் பக்கத்திலிருந்துதான். எனக்கு வேறு கேள்வி இல்லை."

எதிர்த்தரப்பில் நின்றவன் எழுந்து, அன்று நிலா வெளிச்சம் இருந்ததா, எனக்குக் கண் நன்றாகத் தெரியுமா என்றெல்லாம் கேட்டுவிட்டு உட்கார்ந்தான். தன் ஆள் ஜெயிலுக்குப் போய்க்கொண்டிருப்பதே அவனுக்குத் தெரியவில்லை.

"சாட்சி இறங்கலாம்" என்றார் நீதிபதி. எழுதிய மாணவன் கையெழுத்துக்காகத் தாளை என் பக்கம் நீட்டினான். அடியில் வழக்கமான வரி இருந்தது: படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது. பயிற்சிக்காக நாங்கள் நிஜமான கோர்ட்டுகளுக்குப் போனபோதெல்லாம் அந்த வரியைப் பார்த்திருக்கிறேன். யாரும் யாருக்கும் படித்துக் காட்டி நான் பார்த்ததில்லை. பேனாவைக் கொடுப்பார்கள், இடத்தை விரலால் காட்டுவார்கள், சாட்சி போட்டுவிட்டுப் போவார். அந்த மனிதர் என்ன சொன்னதாக எழுதியிருக்கிறது என்பது அவருக்கே தெரியாது.

பேனாவை வாங்கவில்லை. நீதிபதியைப் பார்த்துச் சொன்னேன்.

"படிச்சிக் காட்டுங்க ஐயா. அப்பால கையெயுத்து போட்றேன்."

ஹால் சிரித்தது. அவர் கண்ணைத் திறந்தார்.

"அதெல்லாம் இங்க வேண்டாம்மா. இது நாடகம்தானே?"

"நாடகம்னா கூடை மட்டும் நெசமா இன்னாத்துக்கு ஐயா?"

சிரிப்பு நின்றது. விரிவுரையாளர் பாதி எழுந்து, இறங்கு என்று கையைக் காட்டினார். நான் இறங்கவில்லை. கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"சாட்சி சொன்னத சாட்சிக்குப் படிச்சிக் காட்டணும். தப்பா இருந்தா சாட்சி சொல்லலாம். அத்த நீங்க திருத்தணும், இல்லாட்டி சாட்சி ஒத்துக்கலன்னு எய்தணும்."

"யார் சொன்னா உனக்கு?"

"சட்டத்துல கீது."

கோர்ட்டில் கீது என்று நின்றால் ஜட்ஜ் சிரிப்பார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், என் காலடியில் இருந்த கூடையைப் பார்த்தார், பிறகு எழுதிய மாணவனிடம், "படி" என்றார். அவன் படித்தான். "எதிரி அப்பாலிருந்து வந்தார்" என்ற இடத்தில், "நான் அப்டி சொல்லல" என்றேன்.

"அப்பாலன்னு சொன்னியே, என் காதால கேட்டேனே."

"அப்பால வந்தாருன்னேன் ஐயா. நெருப்பு மொதல்ல. அவுரு அப்பால."

மாட வீதிக்காரன் துள்ளி எழுந்தான். "ஆட்சேபிக்கிறேன். அகராதியில் அப்பால் என்பதற்கு அந்தப் பக்கம் என்றுதான் பொருள். சாட்சியம் முடிந்தபிறகு சாட்சி மாற்றிச் சொல்கிறார்."

நான் அவன் பக்கம் திரும்பினேன். "இப்ப நான் இன்னா சொன்னேன்? படிச்சிக் காட்டுங்க, அப்பால கையெயுத்து போட்றேன்னேன். எல்லாரும் சிரிச்சீங்களே, கொட்டா பின்னால போய் நின்னுக்கினு போடப் போறேன்னா நெனச்சிக்கினீங்க?"

இந்தத் தடவையும் ஹால் சிரித்தது. ஆனால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது மாறியிருந்தது. மூத்த வழக்கறிஞர் மாணவன் கையிலிருந்து பேனாவை வாங்கி, அந்தச் சொல்லைத் தன் கையாலேயே அடித்துவிட்டு, 'பிறகு' என்று எழுதினார். பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். தாளை என்னிடம் நீட்டினார். முழுவதையும் நானே ஒரு முறை படித்தேன். அப்பால கையெழுத்துப் போட்டேன்.

எதிரி விடுதலையானார். காபி கொடுக்கும் இடத்தில் நான் கூடையை எடுத்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தபோது, மூத்த வழக்கறிஞர் என்னைத் தேடி வந்தார். இவருடைய ஆபீசுக்காகத்தானே இத்தனை பாடு.

"புத்திசாலிப் பொண்ணா இருக்கே. வழக்கமா சாட்சிய நான் எடுத்துக்கறதில்ல. நீ திங்கட்கிழமை ஆபீசுக்கு வா" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சேர்த்துக்கொண்டார்: "பேச்ச மட்டும் கொஞ்சம் திருத்திண்டு வந்துடு. கட்சிக்காரா பெரிய மனுஷாள்ளாம் வர இடம்."

சரி ஐயா என்று சொல்லியிருக்கலாம். இரண்டே சொல்தான். விரிவுரையாளர் அவருக்குப் பின்னால் நின்று, சொல்லு சொல்லு என்று எனக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். திருத்திண்டு வா என்கிறாரே, இவர் எதைத் திருத்திக்கொண்டார் என்று எனக்குள் பற்றிக்கொண்டு வந்தது. அரை மணி நேரத்துக்கு முன்னால் ஒரு மனிதன் ஜெயிலுக்குப் போகப் பார்த்தானே, அது எதனால்?

"நான் சொன்னத நீங்க திருத்துனதாலதான ஐயா இன்னிக்கி இவ்ளோ வம்பு" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. காபி தம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த வருட ஜூனியர் இடம் மாட வீதிக்காரனுக்குப் போனது. விரிவுரையாளர் என்னிடம், "கையில வந்தத கால்ல தட்டி வுட்டுட்டியே" என்றார். என்னைத் திட்டும் அவசரத்தில் அவர் வாயிலும் எங்கள் தமிழே வந்துவிட்டது, அவர் கவனிக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அழுதேன். தைரியமாகப் பேசிவிட்டோம் என்ற பெருமையெல்லாம் ஒன்றும் இல்லை. பயமாக இருந்தது. இனி எங்கே போவேன் என்று தெரியவில்லை. ஆனாலும் ஒன்று உண்மை, அழுதுகொண்டிருந்தபோதும் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டில் அம்மா நன்றாகத் திட்டினாள். "பெரிய மனுஷன் கூப்ட்டா போறத வுட்டுட்டு எதிர்த்தா பேசிட்டு வர?" என்றாள். நடந்ததை முழுக்கச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். கேட்டுக்கொண்டே கூடையைக் கழுவினாள்.

"அப்ப அந்தாளு தப்பிச்சிட்டானா?"

"தப்பிச்சிட்டான். அது சும்மா கதமா."

"கதையோ கிதையோ. செய்யாதவன் உள்ள போவலல்ல" என்றாள். கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சோறு போட்டாள். அதற்கப்புறம் அந்த மூத்த வழக்கறிஞரைப் பற்றி அவள் பேச்செடுக்கவே இல்லை.

பட்டம் வாங்கியதும் கறுப்பு கோட்டைப் போட்டுக்கொண்டு சைதாப்பேட்டை கோர்ட் வாசலில் நின்றேன். எடுத்துக்கொள்ள ஆள் இல்லாத ஜூனியர்கள் அங்கே ஏராளம். குப்பத்திலிருந்தும் ஆற்றோரக் குடிசைகளிலிருந்தும் வருபவர்கள் என் பேச்சைக் கேட்டு என்னிடம் வந்தார்கள். அவர்கள் சொன்னதை நான் திருத்தவில்லை. பிறகு நீதிபதித் தேர்வு எழுதினேன். தேர்வில் எழுத்துத் தமிழ்தான் வேண்டும், அது என்னிடம் எப்போதும் இருந்தது. நகரத்திலேயே ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் என்னைப் போட்டார்கள்.

உட்கார்ந்த நாளிலிருந்து என் கோர்ட்டில் ஒவ்வொரு சாட்சிக்கும் அவர் சொன்னதைப் படித்துக் காட்டச் சொன்னேன். நேரமாகிறது என்று வக்கீல்கள் முணுமுணுத்தார்கள், ஊழியர்கள் பெருமூச்சு விட்டார்கள். வாரக்கணக்காகப் படித்தோம். ஒரு சாட்சியும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போனார்கள். வீண் பிடிவாதமோ என்று எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்திருந்தது.

ஒரு நாள் ராயப்பேட்டை மார்க்கெட்டில் காய் விற்கும் பெண்மணி கூண்டில் ஏறினார். மகனை ஒருவர் அடைத்து வைத்ததாக வழக்கு. அவர் பேசப் பேச, நான் கண்ணை மூடிக்கொண்டு தட்டச்சருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். முடிந்ததும் படித்துக் காட்டினார்கள். "எதிரி என் மகனை இழுத்துக்கொண்டு போனார்" என்ற இடம் வந்தபோது அந்தப் பெண்மணி கையைத் தூக்கினார்.

"ஒரு எடத்துல தப்பா கீதும்மா. அவுரு இட்டுக்கினு போனாரு. இஸ்துக்கினு போவல. என் புள்ள அவனாவேதான் கூட போனான்."

இட்டுக்கினு என்றால் கூட்டிக்கொண்டு, இஸ்துக்கினு என்றால்தான் இழுத்துக்கொண்டு. பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த சொற்கள். இட்டுக்கினு என்றதை இழுத்துக்கொண்டு என்று எழுதச் சொன்னது நான்தான். என் காதும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து மாறித்தான் போயிருந்தது.

அரசுத் தரப்பு வக்கீல் வேகமாக எழுந்தார். "மேடம், சாட்சி சொல்லி முடிச்சாச்சு. இப்போ மாத்திச் சொல்றதை எப்படி அனுமதிக்க முடியும்?"

தட்டச்சரிடமிருந்து தாளை வாங்கி, பேனாவைத் திறந்தேன்.

"உக்காருங்க சார்" என்றேன். "சட்டத்துல கீது."